அவள் வாயில் வராத பெயர்

என் மனைவி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் யாருமே கூப்பிட்டதில்லை. "ஏங்க", "இங்க பாருங்க", கோபமாக இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு "சோறு ஆறுது", அவ்வளவுதான். ஆனால் அவள் ஆசிரியை. பயிற்சி முடித்து, சொந்தமாகச் சம்பளம் வாங்கி, மொரப்பூரிலிருந்து டவுன் பஸ் பிடித்துத் தனியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தவள். அப்படிப்பட்டவள் இந்த ஒரு விஷயத்தில் இப்படி இருந்தது எனக்கு எரிச்சலாக இருந்தது. எனக்கு எதற்குத்தான் எரிச்சல் வராது என்று அவள் கேட்பாள்.

நான் மொரப்பூரில் உரக்கடை வைத்திருந்தேன். எங்களுடையது நிலபுலன் உள்ள விவசாயக் குடும்பம். எனக்குச் சாமி கிடையாது, சாதகம் கிடையாது, சாதி கிடையாது என்று மேடையேறாத குறையாகப் பேசிக்கொண்டிருந்த வயது அது. கல்யாணத்துக்கு அய்யர் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். முகூர்த்தம் தவறக்கூடாது என்று பெண் வீட்டார் நின்றார்கள். கடைசியில் அய்யர் இல்லாமல், ஆனால் அவர்கள் குறித்த நல்ல நேரத்துக்குள், தாலி கட்டினேன். பிறகு எங்கள் குடும்பமும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது.

புரட்டாசி சனிக்கிழமைகளில் அவள் விரதம் இருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை தின்பேன். வெள்ளிக்கிழமை யாருக்கும் அரிசி கடன் கொடுக்க மாட்டாள். ஆனால் பள்ளிக்கூடம் இருந்த ஊரில், காலனிக்குள் போய்ப் பிள்ளைகளைத் தேடிக் கூட்டிவருவதும், அங்கே கொடுத்த களியை அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவதும் அவள்தான். அந்த ஊர்க்காரர்கள் இதை என் கடையில் வந்து புகாராகச் சொல்வார்கள். நான் பெருமையாகத் தலையாட்டிக்கொள்வேன். அவள் எனக்குத் தெரிந்து சமத்துவம் என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. "பசிச்சுது, குடுத்தாங்க, தின்னேன்" என்பாள்.

எங்கள் மகள் பிறந்தபோது நடந்ததைச் சொன்னால் அவள் பிடிவாதம் புரியும். ஆஸ்பத்திரியில், பிரசவ வலியில் இருந்தவளிடம் நர்சு புருஷன் பெயர் கேட்டிருக்கிறாள். இவள் வாயைத் திறக்கவில்லை. "புருசன் பேரு கூடத் தெரியாமயா புள்ள பெத்துக்க வந்தே?" என்று நர்சு கத்தியது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. இவள் நர்சின் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டியிருக்கிறாள். எழுதுவதில் அவளுக்குத் தடை இல்லை, சொல்வதில்தான். கோயிலில் என் பெயருள்ள சாமியைக்கூட "அந்த மலைமேல இருக்கிறவரு" என்பாள். நான் அதைச் சொல்லிக்காட்டி அவளைக் கேலி செய்யாத நாள் குறைவு.

அவள் அப்பா கிணற்றில் விழுந்து இறந்தவர். கிணற்றுக்குள் தூர் வாரிவிட்டுப் படியேறி வந்துகொண்டிருந்தார். மேற்படியில் பாம்பு கிடப்பதைக் கண்டு, மேலே நின்றிருந்த அவள் அம்மா பதறிப்போய் அவர் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டாள். வாழ்க்கையில் முதல்முறை. அவர் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தார், கால் வழுக்கியது. என் மனைவி அப்போது ஐந்து வயதுக் குழந்தை, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். பெயரைச் சொன்னதால்தான் எமன் கூட்டிக்கொண்டு போனான் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அந்த அம்மா சாகும்வரை அதைச் சொல்லியே அழுததாகக் கேள்வி.

"பாம்பைப் பாத்துட்டுக் கத்துனாங்க. கத்துனதும் அவரு நிமிந்தாரு. வழுக்கிடுச்சு. இதுல எமன் எங்க வந்தான்?" என்று நான் ஒருமுறை விளக்கினேன்.

"நானும் அதத்தாங்க சொல்றேன். கூப்பிட்டதும் நிமிந்தாரு" என்றாள்.

எண்பதுகளின் நடுவில் மழை பொய்த்த ஒரு வருஷம் அவள் வகுப்பில் அந்தப் பையன் சேர்ந்தான். ஒன்றாம் வகுப்பு. காலனிப் பையன். அவனுக்கும் என் பெயர்தான்.

என் பெயர் ஒன்றும் அபூர்வமானதல்ல, எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் ஊருக்குள்தான் இருப்பார்கள். காலனியில் அந்தப் பெயரை அதுவரை யாரும் வைத்ததில்லை, வைக்க விட்டதில்லை என்பதுதான் சரி. பையனின் அப்பா வீம்பாக வைத்துவிட்டான். ஊருக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அந்தக் குழந்தையைக் கூப்பிட்டதில்லை. "டேய்" என்பார்கள், "கருவாயா" என்பார்கள், இல்லையென்றால் விரலைச் சொடுக்குவார்கள். பள்ளியில் சேர்க்கும்போதே வாத்தியார்கள் தங்கள் இஷ்டத்துக்கு இப்படிப்பட்ட பெயர்களைச் சுருக்கி, மாற்றி எழுதிவிடுவது அப்போது சாதாரணம். இவள் அப்படிச் செய்திருந்தால் அவளுக்கும் வசதி, யாரும் ஏனென்று கேட்டிருக்க மாட்டார்கள். அவள் முழுப் பெயரையும் தன் குண்டு குண்டான எழுத்தில் வருகைப் பதிவேட்டில் எழுதினாள். எழுதியதோடு சரி. மற்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், அவன் முறை வந்தால் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா கண்ணு?" என்பாள்.

அவளுக்கு அது செல்லம். அவனுக்கும் கொஞ்ச நாள் செல்லமாகத்தான் இருந்திருக்கும். பிறகு ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். "டீச்சரே உம்பேரச் சொல்ல மாட்டாங்கடா" என்று ஆரம்பித்தார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் பையனின் அம்மா ஒரு நாள் என் கடைக்கு வந்தபோதுதான் தெரிந்தது. தான் வேலை செய்யும் நிலத்துக்காரருக்கு யூரியா வாங்க வந்தவள், மூட்டை ஏற்றும்வரை ஓரமாக நின்றாள். பிறகு, "சார், நீங்க டீச்சரம்மா வூட்டுக்காரருதானுங்களே?" என்று கேட்டாள். கடைப் பலகையில் இருப்பது என் அப்பா பெயர். என் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"ஆமா, என்னா?" என்றேன்.

"டீச்சரம்மா நல்லவங்கதானுங்க. எங்க வூட்ல வந்து தின்னுருக்காங்க. ஆனா எம்புள்ள பேரு மட்டும் அவங்க வாயில வரமாட்டேங்குது. மத்த காலனிப் புள்ளைங்க பேரெல்லாம் வருது. எங்களுக்கு எதுக்கு அந்தப் பேருன்னு அவங்களுக்கும் இருக்குதுங்களாட்டம். வர்ற திங்கக்கெழம நாங்க பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போறமுங்க. புள்ளய எங்க அம்மாகிட்ட உட்டுட்டுப் போலாம், படிக்கட்டும்னு இருந்தோம். இனி கூடவே கூட்டிட்டுப் போறோம். டீச்சரம்மாகிட்ட சொல்லிடுங்க சார், தேட வேணாம்னு."

பையன் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வறட்சியில் அப்படிப் போன குடும்பங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். மணல் குவியல் மேல் வளர்ந்து, கொஞ்சம் பெரியவனானதும் செங்கல் சுமக்கப் போன பிள்ளைகளையும் தெரியும். அவர்களில் ஒருவன்கூடப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக நான் பிடித்துக்கொண்டேன். உன் மூடநம்பிக்கை ஒரு பையன் படிப்பைக் கெடுத்துவிட்டது, நீயெல்லாம் ஒரு ஆசிரியையா என்று என்னென்னவோ கேட்டேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். பையன் நான்கு நாளாக வராத காரணம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் அப்பிடி நெனப்பனா?" என்றாள். பிறகு, "நீங்க இவ்ளோ பேசறீங்களே, அந்த வூட்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நான் காலனிக்குள் போனதே இல்லை. போக வேண்டிய வேலை வந்ததில்லை என்றுதான் அதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். விஷயத்தை விளக்கிச் சொன்னால் போதும், அந்தப் பெண் புரிந்துகொள்வாள் என்பது என் யோசனை. நானே பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன். பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஏரிக்கரையை ஒட்டித்தான் காலனி. அந்த வீட்டு வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். சாக்கின் மேல் ஒரு சிலேட்டைச் சொருகியிருந்தார்கள்.

"ஏம்மா, எம் பேரும் அதுதான். அதனாலதான் இவ சொல்றதில்ல. வேற ஒண்ணுமில்ல. புருசன் பேரச் சொல்ல மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாததா?" என்று ஆரம்பித்தேன். சாதி இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஆனாலும் என் வாயில் "உனக்கு" என்றுதான் வந்தது. என் மனைவி அவளை எப்போதும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவாள் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அந்தப் பெண் நான் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தே விட்டாள். "அய்ய, அதானுங்களா? நானும் எங்க வூட்டுக்காரரு பேரச் சொல்ல மாட்டேனுங்க" என்றாள். வந்த காரியம் முடிந்தது என்று நினைத்து நான் மூச்சு விட்டேன். அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

"காரணம் நல்ல காரணந்தானுங்க. எனக்குப் புரியுது, அவனுக்கு எப்பிடிங்க புரியும்? நேத்து நான் பேரச் சொல்லிக் கூப்புட்டா, அப்பிடிக் கூப்புடாதம்மா, சிரிப்பாங்கங்கறான். ஊருக்குள்ள ஒருத்தரும் சொல்றதில்ல. ஸ்கூல்லயாச்சும் சொல்லுவாங்கன்னுதானுங்க அனுப்புனேன். அவனுக்குக் காதுல விழணுமில்லீங்களா?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். எந்த விஷயத்துக்கும் பதில் வைத்திருப்பவன் என்று பெயர் எடுத்தவன் நான். நம்பிக்கை இல்லாதவனுக்கு இதில் இழக்க ஒன்றுமில்லை, அதனால் எதையும் சுலபமாகச் சொல்லிவிடலாம். என் மனைவிக்கு அப்படியில்லை. கிணற்றங்கரையில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அந்தப் பெயரைச் சொன்னால் நான் செத்துப்போவேன் என்பது அவளுக்கு நாளைக்குப் பொழுது விடியும் என்பது மாதிரி நிச்சயம். ஒரு பக்கம் அந்தக் குழந்தை, இன்னொரு பக்கம் நான். இதை நான் அந்த வாசலில் நிற்கும்போதுதான் உணர்ந்தேன். விட்டுவிடு, வா போகலாம் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றியது. அவள் மேல் அப்படி ஒரு பரிதாபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"பையன் எங்கங்க?" என்று அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

ஏரிக்குள் விளையாடுகிறான் என்று அந்தப் பெண் கை காட்டினாள். காய்ந்த ஏரிக்குள் தூரத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஊர்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் மனைவி கரைமேல் ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். கரை சரளையாக இருந்தது. மேலே போய் நின்று, செருப்பைக் கழற்றினாள். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உதடு அசைந்தது, யாரிடம் என்ன கேட்டாளோ.

பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முழுப் பெயர். வகுப்பறையில் சத்தம் போடும் பிள்ளைகளை அடக்குகிற அந்தக் குரல், அந்தக் கரையிலிருந்து ஊர்வரைக்கும் கேட்டிருக்கும்.

ஏரிக்குள் ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். அவன் மட்டும் திரும்பிப் பார்த்தான். அது அவனுக்குத்தான் என்று நன்றாகத் தெரிந்தும், "என்னா?" என்று நானும் சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டே ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தாள்.

நான் விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றி, சுவர் மாதிரி நின்றேன். என் பகுத்தறிவு முழுக்க அந்த நிமிஷத்தில் அவ்வளவுக்குத்தான் உதவியது.

அவள் மறுபடியும் கூப்பிட்டாள். பையன் ஓடிவந்தான். கரையேறி அவள் முன்னால் மூச்சு வாங்க நின்றான். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "ஏன் ஸ்கூலுக்கு வல்ல?" என்று அவள் மறுபடியும் பெயர் சொல்லிக் கேட்டாள். அவன் ஊர்ப் பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தான். அவர்களுக்குக் கேட்டதா என்றுதான் பார்த்திருக்க வேண்டும். "நாளைக்கு வர்றன் டீச்சர்" என்றான்.

நாங்கள் அவர்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்ததும் அந்தப் பெண் சாக்கின் மேலிருந்த சிலேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வரும்போது கையில் சொம்புத் தண்ணீர் இருந்தது. நான் வாங்கிக் குடித்தேன். எல்லாரும் பார்க்கக் குடித்தேன், எனக்கே நிறைவாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ் நிற்கும் இடத்தில் என் மனைவி, "வாய் வெச்சுக் குடிச்சிருக்கலாமுல்ல?" என்றாள்.

"நான் எப்பவும் அண்ணாந்துதான் குடிப்பேன்."

"வூட்ல வாய் வெச்சுத்தான் குடிக்கிறீங்க" என்றாள். அன்று அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து வகுப்பில் அவள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வருகை எடுத்தாள். கண்ணு என்பதை விட்டுவிட்டாள். வீட்டில் நான் பழையபடி "ஏங்க"தான். ஆனால் திங்கட்கிழமைதோறும் ஒரு புது விரதம் ஆரம்பித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தினமும் அவள் சொல்லும் பெயருக்கு இது பரிகாரம் என்று எனக்குத் தெரியும். பட்டினி கிடந்த வாயோடு பஸ் ஏறிப் போய், எந்தப் பெயர் என்னைக் கொன்றுவிடும் என்று பயந்தாளோ அந்தப் பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டு வருவாள். திங்கட்கிழமைகளில் நான் முட்டை சாப்பிடுவதை விட்டேன். பக்தியெல்லாம் இல்லை, தொண்டையில் இறங்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பையன் அவள் வகுப்பைத் தாண்டி மேலே போனபிறகும் அவள் விரதத்தை விடவில்லை. ஏன் விடவில்லை என்று ஒருமுறை கேட்டதற்கு, "சொன்னது சொன்னதுதானுங்களே" என்றாள்.

அவள் மாறிவிட்டாள் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. எங்கள் மகள் தன் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, எழுந்து சமையலறைக்குள் போனவள் அவள். அதே மகள் வேறு சாதியில் பையனைப் பார்த்துக்கொண்டேன் என்று வந்து நின்றபோது, நான் வாயடைத்து உட்கார்ந்திருக்க, "பையன் நல்லவனா, அதச் சொல்லு மொதல்ல" என்று கேட்டவளும் அவள்தான். கல்யாணத்துக்கு நல்ல நேரம் பார்த்ததும் அவள். எந்த இடத்தில் யார் பழசு, யார் புதுசு என்று எங்கள் வீட்டில் நான் கணக்குப் பார்ப்பதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

அவள் படுத்த படுக்கையாக இருந்த கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். ஒரு மத்தியானம், அறையில் யாரும் இல்லாதபோது, "ஒரே ஒரு தடவ எம் பேரச் சொல்லிக் கூப்பிடேன்" என்று கேட்டேன். கேலிக்காக அல்ல. ஏரிக்கரையில் ஒருமுறை என் காதில் விழுந்தது, ஆனால் அது எனக்காகச் சொன்னதில்லை. அந்த ஆசை இத்தனை வருஷம் எனக்குள் கிடந்திருக்கிறது என்பதே கேட்டபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். உதடு லேசாகத் திறந்தது. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு தலையை இல்லை என்று அசைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. நீங்க இருக்கணும்" என்றாள்.